எண்பது அடித் தொட்டிக்குள் ஐம்பத்திமூன்று வருடங்கள்

2023 ஓகஸ்ட் 18ஆம் திகதி அமெரிக்காவின் மியாமி நகரில் ஒரு ஓர்க்கா செத்துப்போனது. காட்சிக்கூடம் அதுக்கு வைத்த பெயர் லொலீற்றா. வந்த புதிதில் அங்கிருந்த மிருக வைத்தியர் வைத்த பெயர் டோக்கிட்டே. அது பிறந்த கடலின் ஆதிக்குடிகளான லம்மி மக்கள் தங்கள் மொழியில் இன்னொரு பெயர் வைத்திருந்தார்கள். மூன்று பெயர் இருந்தாலும் இடம் ஒன்றுதான்: 80 அடி நீளம், 60 அடி அகலம், ஆகக்கூடிய ஆழம் 20 அடி. அந்த ஓர்க்காவின் நீளமே 20 அடிக்குக் கிட்ட. 1970இல் அங்கே இறக்கப்பட்டபோது அதுக்கு நாலு வயசு அளவில்தான் இருந்திருக்கும்.

செய்தி வந்த நாட்களில் கனபேர் கோபப்பட்டார்கள். கோபம் நியாயமானதுதான். ஆனால் எனக்கு அதோடு வேறொரு கேள்வியும் வந்தது. லொறி அளவான ஒரு கடல் மிருகத்தைப் பிடித்து, நகரத்துக்குள்ள கொண்டுவந்து, டிக்கெட் போட்டுக் காட்டலாம் என்ற யோசனை முதலில் ஆருக்கு வந்தது? அது எப்படி ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற ஒரு சாதாரண பொழுதுபோக்காக மாறியது?

தொடக்கம் சின்ன மீன்களில்தான். 1853இல் லண்டன் மிருகக்காட்சிசாலை ஒரு 'மீன் வீடு' திறந்தது. பொதுமக்களுக்கான முதலாவது மீன்காட்சியகம் என்று அதைத்தான் சொல்வார்கள். அடுத்த வருடம் பிலிப் ஹென்றி கொஸ் எழுதிய புத்தகம் 'அக்குவாரியம்' என்ற சொல்லையே ஊரெல்லாம் பரப்பியது. வசதியான வீடுகளின் வரவேற்பறைகளில் கண்ணாடித் தொட்டி வைப்பது விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் ஒரு பைத்தியமாகவே பிடித்தது. அதுவரை கடலுக்குள் என்ன இருக்கிறது என்று சாதாரண ஆக்கள் கண்டதெல்லாம் செத்துக் கரையொதுங்கியதை அல்லது சந்தையில் வெட்டி வைத்ததை. உயிரோடு, பக்கவாட்டில், கண்ணுக்கு நேரே பார்ப்பது முற்றிலும் புதிய அனுபவம். இந்தப் 'பக்கவாட்டில் பார்ப்பது' முக்கியமான விஷயம் என்று நினைக்கிறேன். நாங்கள் படகில் இருந்து பார்த்தால் கடல் ஒரு மேற்பரப்பு மட்டும்தான். கண்ணாடிதான் அதை ஒரு அறையாக மாற்றியது.

அந்த அறைக்குள் திமிங்கிலத்தை விட நினைத்தவர் பி.டி. பார்னம். அமெரிக்காவின் பெரிய வேடிக்கை வியாபாரி. நியூயோர்க்கின் புரோட்வே தெருவில் 'அமெரிக்கன் மியூசியம்' என்ற பெயரில் உண்மையும் பொய்யும் கலந்து காட்டிக்கொண்டிருந்தவர். (எங்கட ஊருக்கும் இவருக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 1850இல் யானை பிடிக்கவென்றே இவர் இலங்கைக்கு ஒரு கப்பல் அனுப்பினார். அடுத்த வருடம் பத்து யானைகள் நியூயோர்க்கில் இறங்கித் தெருவில் ஊர்வலம் போயின. யானைகளை மேய்க்கத் தெரிந்த இலங்கையர் ஒருவரும் கூடவே போனார். யானைகளைப் பற்றி எழுதியவர்கள் அந்த மனுசனின் பெயரை எழுதிவைத்ததாக நான் எங்கும் காணவில்லை.)

1861இல் பார்னம் கனடாவின் சென் லோரன்ஸ் ஆற்று முகத்துக்கு ஆள் அனுப்பி இரண்டு பெலூகா திமிங்கிலங்களைப் பிடிப்பித்தார். வெள்ளை நிறம், பத்துப் பதினைந்து அடி நீளம். கடற்பாசி நிரப்பிய பெட்டிகளில் வைத்து, உப்புத் தண்ணியில் தோய்த்த பஞ்சால் துடைத்துக்கொண்டே ரயிலில் நியூயோர்க் கொண்டுவந்தார்கள். வழியிலுள்ள ஸ்டேஷன்களுக்கு முன்கூட்டியே தந்தி பறந்தது. சனம் திரண்டு வந்து பார்த்தது. விளம்பரத்துக்கு வேறு காசு தேவைப்படவில்லை. மியூசியத்தின் நிலக்கீழ் அறையில் சீமெந்துத் தொட்டி. அதில் நல்ல தண்ணியில் உப்பைக் கரைத்து நிரப்பியிருந்தார்கள். இரண்டும் இரண்டு நாளைக்குள் செத்துப்போச்சு.

பார்னம் அசரவில்லை. அடுத்த சோடியைப் பிடிப்பித்தார். இந்தமுறை துறைமுகத்தில் இருந்து குழாய் போட்டு, நீராவி இயந்திரத்தால் கடல்நீரையே இழுத்தார். அவையும் செத்தன. திரும்பவும் பிடித்தார். 1865 ஜூலை 13ஆம் திகதி மியூசியம் தீப்பிடித்தபோது உள்ளே இரண்டு பெலூகாக்கள் இருந்தன. பாம்பு, குரங்கு, மெழுகுபொம்மை எல்லாவற்றோடும் சேர்ந்து அவையும் போயின. கடலில் பிறந்து, புரோட்வேயில் நெருப்பில் செத்த திமிங்கிலங்கள். கேட்கக் கற்பனை மாதிரித்தான் இருக்கும்.

பார்னத்தின் கதையில் பிறகு வரப்போகும் எல்லாமே இருக்கிறது. செத்தால் இன்னொன்று பிடிக்கலாம் என்ற கணக்கு. சாவை ஒரு தொழில்நுட்பப் பிரச்சினையாகப் பார்ப்பது: தண்ணி சரியில்லை, குழாய் போட்டால் சரி. 'இருக்கும்போதே ஓடிவந்து பாருங்கள்' என்ற அவசரத்தையே விற்பனைப் பொருளாக்குவது. 1877இல் லண்டன் வெஸ்ற்மின்ஸ்ரரில் இருந்த ரோயல் அக்குவாரியம் லாப்ரடோர் கடலில் இருந்து ஒரு பெலூகாவை அத்திலாந்திக் தாண்டிக் கொண்டுவந்து காட்டியபோதும் இதே கதைதான். அது ஒரு கிழமை கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

அதன்பிறகு பல பத்தாண்டுகள் பெரிய மாற்றம் இல்லை. 1938இல் புளோரிடாவில் திறக்கப்பட்ட மரீன் ஸ்ரூடியோஸ்தான் அடுத்த திருப்பம். பெயரைப் பாருங்கள்: அது ஒரு சினிமா ஸ்ரூடியோ. கடலடிக் காட்சிகளைப் படம்பிடிக்க வசதியாகக் கடலோரத்திலேயே பெரிய தொட்டிகள் கட்டி, அத்திலாந்திக் தண்ணியை நேரே உள்ளே பாய்ச்சினார்கள். தொடங்கியவர்களில் ஒருவர் இலியா டோல்ஸ்டோய். எழுத்தாளர் டோல்ஸ்டோயின் பேரன். படம் பிடிப்பதைவிடப் பார்க்க வருகிற கூட்டம்தான் காசு தரும் என்று கெதியாகவே விளங்கிவிட்டது. டொல்பின்களுக்குப் பழக்கினால் துள்ளும், பந்து எறியும் என்பதையும் அங்கேதான் வியாபாரமாக்கினார்கள். பிடிபட்ட மிருகம் 'சந்தோஷமாக விளையாடுகிறது' என்ற தோற்றம் அங்கிருந்து பரவியது. டொல்பினின் வாயமைப்பே சிரிப்பது மாதிரித்தான் இருக்கும். செத்துக் கிடந்தாலும் அப்படித்தான் இருக்கும்.

இனி ஓர்க்கா. இன்றைக்கு ஓர்க்கா என்றால் கறுப்பு வெள்ளை நிறத்தில் ஒரு அழகான பொம்மை ஞாபகம் வரும். 1960 வரைக்கும் வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் அதுக்குப் பெயர் 'கொலைத் திமிங்கிலம்' மட்டும்தான். சமன் மீனைத் தின்னுது என்று மீனவர்கள் கண்ட இடத்தில் சுட்டார்கள். கனேடிய மீன்பிடித் திணைக்களம் 1961இல் வன்கூவர் தீவுக்கு அருகே ஒரு ஒடுங்கிய நீரிணையில், ஓர்க்காக்களைச் சுடுவதற்கென்றே ஒரு இயந்திரத் துப்பாக்கியைப் பொருத்தியது. கடைசியில் அது ஒருமுறைகூடச் சுடவில்லை. ஆனாலும் ஒரு அரசாங்கம் அந்த அளவுக்கு யோசித்தது. பிற்காலத்தில் உயிரோடு பிடிபட்ட ஓர்க்காக்கள் பலவற்றின் உடம்பில் பழைய துப்பாக்கிக் காயங்கள் இருந்தன.

இந்தப் பின்னணியில்தான் 1964 ஜூலையில் வன்கூவர் மீன்காட்சியகம் ஒரு வேலை செய்தது. கூடத்தில் தொங்கவிட ஆளுயரத்துக்கு, அதாவது ஓர்க்கா அளவுக்கே, ஒரு சிலை தேவைப்பட்டது. சரியாக அளவெடுக்க ஒரு ஓர்க்காவைக் கொன்று கொண்டுவரச் சொல்லி சாமுவேல் பூரிச் என்ற சிற்பியை சற்றூர்னா தீவுக்கு அனுப்பினார்கள். எறியீட்டி பட்டது. ஓர்க்கா சாகவில்லை. கூட வந்த ஓர்க்காக்கள் அதைக் கீழே இருந்து தாங்கி, மூச்செடுக்க மேலே தள்ளின. துப்பாக்கியாலும் சுட்டுப் பார்த்தார்கள், அப்போதும் சாகவில்லை. அதுக்குப் பிறகுதான் காட்சியகத்தின் பணிப்பாளர் மரே நியூமனுக்கு அதை உயிரோடேயே வைத்திருக்கலாம் என்று தோன்றியது. உடம்பில் குத்தி நின்ற ஈட்டியின் கயிற்றாலேயே, மாட்டை இழுத்துப்போவது போல, பதினாறு மணித்தியாலம் இழுத்து வன்கூவர் கொண்டுவந்தார்கள்.

பெண் என்று நினைத்து மோபி டோல் என்று பெயர் வைத்தார்கள். கப்பல் திருத்தும் தளம் ஒன்றில் விட்டார்கள். நகரம் அள்ளுகொள்ளையாகத் திரண்டது. பேய் மாதிரிப் பாயும் என்று எதிர்பார்த்தவர்கள் கண்டது ஒரு அமைதியான, காயப்பட்ட, யாரையும் கடிக்காத மிருகத்தை. ஐம்பது நாளுக்கு மேல் அது எதையும் தின்னவில்லை. கடைசியில் மீன் எடுத்துத் தின்னத் தொடங்கி ஒரு மாதம் கழித்து, ஒக்டோபர் 9ஆம் திகதி செத்துப்போனது. துறைமுகத் தண்ணியில் உப்புக் குறைவு. தோல் நோய் பிடித்திருந்தது. உடலை வெட்டிப் பார்த்தபோதுதான் அது ஆண் என்றே தெரிந்தது.

வரலாற்று ரீதியாக எனக்கு மிகவும் சிக்கலாகத் தெரிகிற இடம் இதுதான். மோபி டோலைப் பார்த்த பிறகு அந்தக் கரையில் ஓர்க்காவைப் பற்றிய எண்ணம் மாறத் தொடங்கியது என்பது உண்மை. சுட வேண்டிய பிசாசு, பார்க்க வேண்டிய அதிசயமானது. மீன்காட்சியகங்கள் இன்றுவரை சொல்லும் நியாயமும் இதுவே: 'கண்ணால் கண்டால்தான் மனுசன் நேசிப்பான், நேசித்தால்தான் காப்பாற்றுவான்.' இதை முழுப்பொய் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த நேசம் முதலில் என்ன செய்தது என்று பார்த்தால், ஓர்க்காவுக்கு ஒரு விலையை வைத்தது. முன்பு சுட்டுவிட்டு விட்டுவிடுவார்கள். இப்ப வலையோடு வந்தார்கள்.

1965இல் கனடாவின் நாமு என்ற இடத்தில் மீனவர்களின் வலைக்குள் சிக்கிய ஓர்க்கா ஒன்றை சியாற்றில் காட்சியக உரிமையாளர் டெட் கிரிபின் 8,000 டொலருக்கு வாங்கினார். மிதக்கும் கூட்டில் வைத்து 640 கிலோமீற்றர் அளவு இழுத்து வந்தார். வழியில் கொஞ்சத் தூரம் அதன் கூட்டத்து ஓர்க்காக்கள் பின்தொடர்ந்து வந்தன. கிரிபின் அதோடு நீந்தினார், முதுகில் ஏறினார். சினிமாவும் வந்தது. அடுத்த ஜூலையில், அழுக்கான துறைமுகத் தண்ணியில் தொற்று வந்து நாமு செத்தது. சின்ன வயசில் இருந்து ஓர்க்காவோடு நட்பாக வேண்டும் என்று கனவு கண்டவர் கிரிபின் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வெறும் காசாசைக்காரன் என்று எழுதிவிட்டுப் போனால் இந்தக் கதை விளங்காது. அதே 1965இல் அவர் பிடித்த இன்னொரு குட்டிதான் சான் டியேகோவின் சீ வேர்ல்டுக்குப் போய் 'ஷாமு' ஆனது. முதல் ஷாமு 1971இல் செத்த பிறகும் பெயர் சாகவில்லை. அடுத்தடுத்து வந்த ஓர்க்காக்களுக்கு அதே பெயரை மேடைப் பெயராக மாட்டிவிட்டார்கள்.

1970 ஓகஸ்ட் 8, வொஷிங்டன் மாநிலத்தின் பென் கோவ். கிரிபினும் அவருடைய பங்காளி டொன் கோல்ட்ஸ்பெரியும் வேகப் படகு, விமானம், தண்ணிக்குள் வெடிக்கும் குண்டுகள் எல்லாம் கொண்டு எண்பது அளவு ஓர்க்காக்களை ஒரு குடாவுக்குள் மறித்தார்கள். அந்தக் கடலின் ஓர்க்காக்களுக்கு ஒரு இயல்பு உண்டு: பிள்ளைகள், ஆணோ பெண்ணோ, வாழ்நாள் முழுக்கத் தாயை விட்டுப் பிரிவதில்லை. பிடிகாரர்களுக்கு வேண்டியதோ ஏற்றி இறக்க வசதியான குட்டிகள். குட்டிகளை வலைக்குள் பிரித்தார்கள். வெளியே விடப்பட்ட பெரியவை போகவில்லை. வலைக்கு அந்தப் பக்கம் நின்று கத்திக்கொண்டே இருந்தன. கரையில் நின்று கேட்டவர்கள் அந்தச் சத்தத்தைப் பற்றி ஐம்பது வருடம் கழித்தும் பேசினார்கள்.

ஏழு குட்டிகள் விற்கப்பட்டன. நாலு குட்டிகளும் ஒரு பெரிய ஓர்க்காவும் வலையில் சிக்கி மூழ்கிச் செத்தன. செத்தவற்றின் வயிற்றைக் கிழித்து, கல்லை நிரப்பி, நங்கூரச் சங்கிலி கட்டிக் கடலில் தாழ்த்தினார்கள், ஒருத்தருக்கும் தெரியக்கூடாது என்று. நவம்பரில் குட்டிகளின் உடல்கள் வெளியே வந்தன. செய்தி வெடித்தது. விற்கப்பட்ட ஏழில் ஒன்று டோக்கிட்டே. 1987க்குள் மற்ற ஆறும் இறந்துவிட்டன.

எத்தனை ஓர்க்காக்கள் இருக்கின்றன என்று அதுவரை ஆருமே எண்ணிப் பார்க்கவில்லை. ஆயிரக்கணக்கில் இருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1971இல் கனேடிய விஞ்ஞானி மைக்கேல் பிக் கரையோர மக்கள், கலங்கரை விளக்கக் காவலர்கள், மீனவர்கள் எல்லோரிடமும் படிவம் கொடுத்து, ஒரே நாளில் கண்ட ஓர்க்காக்களை எண்ணச் சொன்னார். சில நூறுகள்தான் வந்தன. பிறகு முதுகுத் துடுப்பின் வெட்டு, அதன் பின்னால் உள்ள சாம்பல் நிறத் திட்டு ஆகியவற்றைப் படம்பிடித்து ஒவ்வொன்றையும் தனியாக அடையாளம் காணலாம் என்று அவரும் கூட்டாளிகளும் காட்டினார்கள். டோக்கிட்டேயின் சமூகமான தெற்குவாழ் ஓர்க்காக்கள் எழுபதுக்குக் கொஞ்சம் மேல்தான். அதில் இருந்துதான் பத்து வருடங்களுக்குள் நாற்பதுக்கு மேற்பட்டவை பிடிக்கப்பட்டோ பிடியில் செத்தோ இல்லாமல் போயிருந்தன, பெரும்பாலும் குட்டிகள். ஒரு ஊரின் பள்ளிக்கூடத்தைக் காலியாக்கியது போல. இன்றைக்கும் அந்தச் சமூகம் எழுபது சொச்சம்தான். சமன் மீன் குறைந்தது, கப்பல் இரைச்சல், நஞ்சு என்று இப்ப காரணங்கள் கூடிவிட்டன. ஆனால் பிள்ளை பெற்றிருக்க வேண்டிய ஒரு தலைமுறை இல்லாமல் போன வெற்றிடமும் அதில் இருக்கிறது.

1976 மார்ச்சில் ஒலிம்பியா நகருக்குப் பக்கத்தில் கோல்ட்ஸ்பெரி சீ வேர்ல்டுக்காக இன்னொரு பிடிப்பு நடத்தியபோது, ஆளுநரின் உதவியாளர் ரால்ப் மன்றோ தற்செயலாகப் பாய்க்கப்பலில் அந்தப் பக்கம் வந்து நேரில் கண்டுவிட்டார். மாநில அரசு வழக்குப் போட்டது. இனி வொஷிங்டன் கடலில் பிடிக்க மாட்டோம் என்று சீ வேர்ல்ட் ஒத்துக்கொண்டது. பிடிப்பு நிற்கவில்லை, ஐஸ்லாந்துக்கு இடம் மாறியது. பிறகு 'பிளக்பிஷ்' ஆவணப்படத்தின் மூலம் உலகம் அறிந்த டிலிக்கம் 1983இல் அங்கே பிடிபட்டதுதான். 'ஃப்ரீ வில்லி' படத்தில் நடித்த கெய்க்கோவும் அங்கே பிடிபட்டதுதான்.

ஓர்க்காவை விட்டு ஒருக்கா மற்றப் பக்கமும் பார்க்கலாம். ஏனென்றால் 'பிரமாண்ட மீன்காட்சியகம்' என்று இன்று நாங்கள் ரீல்ஸில் பார்ப்பது வேறொரு உலகம். அதை உண்டாக்கியது அக்ரிலிக். கண்ணாடிக்குத் தாங்கும் அளவில் ஒரு எல்லை உண்டு. அக்ரிலிக் பலகைகளை ஒன்றோடொன்று ஒட்டிச் சுவர் அளவுக்குத் தடிப்பாக்கினாலும் அது தெளிவாகவே இருக்கும். ஜப்பானின் ஒக்கினாவாவில் 2002இல் திறந்த சுராவுமி காட்சியகத்தின் பெரிய தொட்டி 7,500 கனமீற்றர். முன்பலகை 8.2 மீற்றர் உயரம், 22.5 மீற்றர் நீளம், 60 சென்ரிமீற்றர் தடிப்பு. உள்ளே திமிங்கிலச் சுறாவும் கொம்புத் திருக்கையும். அங்கிருக்கும் ஜின்டா என்ற ஆண் திமிங்கிலச் சுறா 1995இல் இருந்து மனிதப் பராமரிப்பில் வாழ்கிறது. 2007இல் அங்கே ஒரு கொம்புத் திருக்கை குட்டி போட்டது; தொட்டிக்குள் நடந்த முதலாவது பிரசவம். குட்டி சில நாளில் செத்தது.

அமெரிக்காவின் ஜோர்ஜியா காட்சியகம் 2005இல் திறந்தபோது அதன் திமிங்கிலச் சுறாக்கள் தாய்வானில் இருந்து விமானத்தில் வந்தன. அப்போது தாய்வானில் திமிங்கிலச் சுறாவை இறைச்சிக்குப் பிடிப்பது சட்டபூர்வம். அந்த ஒதுக்கீட்டில் இருந்தே வாங்கினார்கள். ஆகவே 'நாங்கள் வாங்கியிராவிட்டால் சட்டிக்குள் போயிருக்கும்' என்று சொல்ல முடிந்தது. 1964இல் ஓர்க்காவுக்குச் சொன்ன அதே வகை நியாயம். அதே அளவு உண்மை. முதல் வந்த இரண்டு ஆண் சுறாக்களும் 2007இல், ஐந்து மாத இடைவெளியில் செத்துப்போயின. 2008இல் தாய்வான் அந்த மீன்பிடியையே தடைசெய்தது.

எனக்குப் பிடித்த விதிவிலக்கு கலிபோர்னியாவின் மொன்ரரே குடா காட்சியகம். 2004 செப்டெம்பரில் ஒரு இளம் வெள்ளைச் சுறாவை வைத்தார்கள். அதுக்கு முன் ஆராலும் சில கிழமைகளுக்கு மேல் அந்த இனத்தை உயிரோடு வைத்திருக்க முடியவில்லை. இது 198 நாள் இருந்தது. கூட இருந்த இரண்டு சுறாக்களைக் கடித்துக் கொன்றதும், அடையாளக் கருவி பொருத்தித் திருப்பிக் கடலில் விட்டார்கள். 2011 வரை இப்படி ஆறு சுறாக்கள். பிறகு தாங்களாகவே நிறுத்திவிட்டார்கள். கூட்டம் வந்துகொண்டிருக்கும்போது கடையைச் சாத்துகிறவர்கள் இந்தத் தொழிலில் குறைவு. சுராவுமி 2016இல் ஒரு பெரிய வெள்ளைச் சுறாவைக் காட்சிக்கு வைத்துப் பார்த்தது. மூன்றே நாள்.

திரும்பவும் மியாமி. டோக்கிட்டேக்கு முதல் பத்து வருடம் துணை இருந்தது: ஹியூகோ, அதே கடலில் பிடிபட்ட ஆண். தலையைச் சுவரில் மோதுவது அதன் பழக்கமாகியது. 1980இல் மூளையில் இரத்தக்குழாய் வெடித்துச் செத்தது. அதன்பிறகு நாற்பத்திமூன்று வருடம் டோக்கிட்டே தன் இனத்தில் ஒன்றைக்கூடக் காணவில்லை. ஓர்க்காக் குடும்பங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஒலிகள் உண்டு, கிளைமொழி மாதிரி. பதில் சொல்ல ஆருமில்லாத அந்தத் தொட்டியில் அது தன் குடும்பத்து ஒலிகளை விடாமல் எழுப்பிக்கொண்டே இருந்தது. ஆய்வாளர்கள் கேட்டுப் பதிவுசெய்திருக்கிறார்கள்.

2023 மார்ச்சில், பிறந்த கடலுக்கே திருப்பிக் கொண்டுபோவதாக அறிவித்தார்கள். ஐந்து மாதத்தில் இறந்துவிட்டது. அலைகளுக்குக் கீழே வாழும் எங்கள் உறவினர் என்று ஓர்க்காக்களைச் சொல்லும் லம்மி மக்கள் அதன் சாம்பலை வாங்கிப்போய்த் தங்கள் கடலில் கரைத்தார்கள். அதன் தாயாக இருக்கலாம் என்று கருதப்பட்ட வயதான பெண் ஓர்க்கா அப்போதும் அந்தக் கடலில் உயிரோடு இருந்தது.

சட்டங்கள் இப்ப மாறிவருகின்றன. 2016இல் சீ வேர்ல்ட் ஓர்க்கா இனப்பெருக்கத்தை நிறுத்தியது. கனடா 2019இல் சட்டம் போட்டது, பிரான்ஸ் 2021இல். அதேநேரம் 2018இல் ரஷ்யாவின் கிழக்குக் கரையில், சீனக் காட்சியகங்களுக்கு விற்கவென்று அடைத்து வைத்திருந்த நூறளவு ஓர்க்காக்களும் பெலூகாக்களும் வெளிச்சத்துக்கு வந்தன. உலகம் சத்தம் போட்ட பிறகு, அடுத்த வருடம் விடுவித்தார்கள்.

பிரான்ஸின் அந்தீப் நகரில் இருந்த மரீன்லாண்ட் அந்தச் சட்டத்தால் 2025 ஜனவரியில் மூடப்பட்டது. அங்கே விக்கி, கெய்ஜோ என்று தாயும் மகனுமாக இரண்டு ஓர்க்காக்கள். இரண்டும் தொட்டியில் பிறந்தவை, கடல் என்றால் என்னவென்றே தெரியாதவை. ஜப்பானுக்கு அனுப்பும் யோசனையைப் பிரெஞ்சு அரசு நிராகரித்தது. ஸ்பெயினில் இருந்த பூங்காவின் தொட்டி போதாது என்று அந்த நாட்டு அதிகாரிகள் சொன்னார்கள். வாசலில் பூட்டு விழுந்து மாதக்கணக்காகியும், பார்க்க ஆருமில்லாத அரங்கின் நடுவே, இரண்டும் அதே தொட்டிக்குள் சுற்றிக்கொண்டிருந்தன.